பழைய சிறுவீடும் அதன் மதிப்பும்

சிலாபம் நகரிலிருந்து கிழக்கே, வாரியப்பொல நோக்கிச் செல்லும் சாலையிற் சிறிது தூரம் சென்றால் முன்னேஸ்வரம் வரும். பதினாறாம் நூற்றாண்டிலே போர்த்துக்கேயர் இடித்த சிவன் கோயிலை 1753 ஆம் ஆண்டிற் கண்டி மன்னன் கீர்த்தி சிறீ இராசசிங்கன் மீளக் கட்டுவித்தான் என்பது வரலாறு. கோயில் இருந்தமையாற் குடி இருந்தது. குடி இருந்தமையாற் கிணறும் ஒழுங்கையும் தென்னந்தோப்பும் இருந்தன. பின்னர் புகையிரதப் பாதை சிலாபத்தை எட்டியதும், நகரிலே தொழில் பார்ப்போர் நகருக்கு வெளியே வீடு கட்டிக்கொள்ளும் வழக்கமும் சேர்ந்துகொண்டது. இவ்வாறு சிலாபத்திலும் முன்னேஸ்வரத்திலும் சாலையோரங்களிலே எழுந்த பழைய சிறுவீடுகள் இன்றும் பல உள. முன்னே ஒரு விறாந்தை, அதனுள் ஒரு கூடம், பக்கத்தில் இரண்டு அறைகள், பின்னே அடுக்களை, வளவின் ஒரு மூலையிற் கிணறு. மேலே கள்ளிக்கோட்டை ஓடு.

இத்தகைய வீடு ஒன்று விலைக்கு வருகிறதென்றால் அதைப் பார்க்க வருவோர் பெரும்பாலும் செல்வர் அல்லர். ஊழியர் சேமலாப நிதியிற் கிடைத்த தொகையைக் கையில் வைத்திருக்கும் ஓய்வுபெற்ற ஊழியர், அல்லது வெளிநாட்டிற் பல ஆண்டுகள் உழைத்துத் திரும்பியவர். வாழ்நாளில் ஒருமுறை திரளும் பணம் அது. தவறான வீட்டிலே முடங்கினால் மறுமுறை திரளாது. ஆயினும் அவர்கள் வீட்டைப் பார்க்கும் முறையைக் கவனித்தால் வியப்பாக இருக்கும். சுவரின் வெள்ளையைப் பார்ப்பர். தரையின் மினுக்கத்தைப் பார்ப்பர். குளியலறையிற் புதிய ஓடு பதித்திருக்கிறதா என்று பார்ப்பர். இவை யாவும் ஒரு மாதத்திற் செய்துகொள்ளத் தக்கவை. பணம் கொடுத்தாலும் மாற்ற முடியாதவற்றை முதலிற் பார்க்க வேண்டும். பெரும்பணம் கொடுத்து மாற்றக் கூடியவற்றை அடுத்துப் பார்க்க வேண்டும். சிறுபணத்தில் மாறுபவற்றைக் கடைசியிற் பார்த்தாற் போதும். வழக்கத்தில் இந்த வரிசை தலைகீழாக நடப்பதே பல குடும்பங்களின் இடருக்குக் காரணம்.

உதாரணத்துக்கு ஒரு வீட்டை மனத்திற் கொள்ளலாம். காணி 10 பேர்ச்சு. ஒரு பேர்ச்சு என்பது 272 சதுர அடியும் காலும் ஆகையால், மொத்தம் ஏறத்தாழ 2,722 சதுர அடி. சாலைப் பக்கம் 40 அடி, உள்ளே 68 அடி என்று கொள்வோம். அதில் நிற்கும் வீடு 720 சதுர அடி. சிறுவீடுதான், ஆயினும் நால்வர் கொண்ட குடும்பத்துக்குப் போதும். கூட்டிப் பெருக்குவதற்கும் கூரை மாற்றுவதற்கும் பெரிய வீட்டினும் செலவு குறைவு. பழைய சிறுவீட்டைச் சிறுமை என்று தள்ளுவோர் இதனை எண்ணுவதில்லை.

மாற்ற முடியாதவற்றுள் முதலாவது நிலமும் நீரும். சிலாபத்துக்கு வடக்கே தெதுறு ஓயா கடலிற் கலக்கிறது. தெற்கே வாவி. மேற்கே கடல். இந்த நீர்நிலைகளுக்கு நடுவே உள்ள தாழ்ந்த நிலத்தில் ஓரிரண்டு அடி உயர வேறுபாடு பெரிய வேறுபாடாகும். 2025 நவம்பர் இறுதியில் திட்வா புயலோடு வந்த பெருமழையில் தெதுறு ஓயா பெருக்கெடுத்தபோது, மேட்டில் நின்ற வீடு எது, பள்ளத்தில் நின்ற வீடு எது என்பது ஊரார் அனைவருக்கும் தெரிந்துபோயிற்று. வீட்டுக்காரர் சுவரைக் கழுவி வெள்ளையடித்து விடலாம். ஆனால் அயல் வளவின் மதிலிலே சேற்றுக்கோடு எஞ்சியிருக்கும். கிணற்றுக்கட்டின் புறத்தே எஞ்சியிருக்கும். கதவு நிலையின் அடிப்பக்கத்து மரம் கறுத்து உப்பியிருக்கும். வீட்டுக்காரரைக் கேட்பதினும் அடுத்த வீட்டு மூதாட்டியை, “அம்மா, தண்ணீர் எந்தப் படி வரைக்கும் வந்தது?” என்று கேட்பது நன்று. அவருக்கு விற்க வேண்டிய வீடு ஏதுமில்லை.

அடுத்தது கிணறு. கடலோர மணல்நிலத்திலே நன்னீர் என்பது உவர்நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கும் ஒரு வில்லை. உவர்நீர் சற்றுக் கனமானது. நன்னீர் சற்று இலேசானது. இவ்விரண்டின் சமநிலையை டச்சுப் பொறியியலாளர் பாடன் கைபனும் ஜெர்மானியரான ஹேர்ஸ்பேர்க்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் தனித்தனியே விளக்கினர். கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் 1 அடி உயர்ந்து நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி வரை நன்னீர் நிற்கும் என்பது அவர்கள் கண்ட கணக்கு. இதன் மறுபக்கமே அஞ்சத் தக்கது. மேலே உள்ள மட்டம் 1 அடி தாழ்ந்தாற் கீழே உள்ள உவர்நீர் 40 அடி மேலேறப் பார்க்கும். வாளியால் அள்ளிய காலத்தில் நன்றாக இருந்த கிணறு, மின்பம்பியை ஓயாது ஓட்டியதும் உவர்த்துப்போவதற்குக் காரணம் இதுவே.

தெதுறு ஓயாவில் அளவுக்கு மிஞ்சி மணல் அள்ளப்பட்டமை இத்துன்பத்தை மேலும் பெருக்கிற்று. ஆற்றின் அடி தாழ்ந்தாற் கரையோரக் கிணறுகளின் மட்டமும் தாழும்; கோடையிற் கடல்நீர் ஆற்றுவழியே முன்னிலும் தூரம் உள்ளே ஏறும். முன்னேஸ்வரம் கடலிலிருந்து தள்ளியிருக்கிறதே என்று நினைத்துக் கிணற்றைச் சோதியாமல் விடுவது தகாது. ஒரு போத்தலில் நீர் எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பினால் உப்பின் அளவு தெரிந்துவிடும். இலங்கைக் குடிநீர்த் தரம் குளோரைட்டுக்கு லீற்றருக்கு 250 மில்லிகிராம் என்று எல்லை வகுத்திருக்கிறது. ஆய்வுகூடம் தொலைவு என்றாற் சவர்க்காரம் நுரைக்கிறதா என்று பார்க்கலாம். பருப்பு வேகிறதா என்று அவ்வீட்டு அடுக்களையிலே கேட்கலாம். குழாய்நீர் இருக்கிறதே என்பவரும் தோட்டத்துக்கும் கழுவுதலுக்கும் கிணற்றை நாடவே நேரிடும்.

கிணற்றோடு பிரியாதது மலக்குழி. இரண்டுக்கும் இடையே 50 அடியேனும் இருக்க வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. மேலே கூறிய 40 அடிக்கு 68 அடி வளவில் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். கிணறு முன்மூலையிலும் குழி பின்மூலையிலும் இருந்தாலன்றி 50 அடி கிடையாது. தன் குழியை இவ்வாறு ஒருவர் தள்ளி வைத்தாலும், வேலிக்கு அப்பால் அயலவரின் குழி இவர் கிணற்றிலிருந்து 15 அடியில் இருக்கக்கூடும். பழைய குடியிருப்பின் மிகப் பெரிய குறை இதுவே. முற்காலத்தில் அரை ஏக்கரிலே ஒரு வீடு நின்றது. அப்பொழுது வகுத்த இடத்திலேயே கிணறு இருக்கிறது. அரை ஏக்கரோ பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் துண்டு துண்டாகப் பிரிந்துவிட்டது. ஆகவே காணியை அளக்கும்போது வேலிக்கு இப்பால் மட்டும் அன்றி அப்பாலும் எட்டிப் பார்க்க வேண்டும்.

துண்டாகப் பிரிந்த காணி என்றதும் உறுதியின் கதை வருகிறது. நிலத்தைப் போலவே உரித்தும் பெயிண்டினால் மாறாதது. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, இலங்கையிற் காணி விற்பனை எழுத்தில் அமைந்து, நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளோடு கையொப்பமிடப்பட வேண்டும். இன்றேல் அது செல்லாது. ஒற்றைத்தாளில் எழுதி ஊர்ப்பெரியவர் கையொப்பமிட்ட கடதாசியை நம்பிப் பணம் கொடுத்தோர் இன்றும் உளர். அடுத்து, உறுதி எழுதினாற் போதாது. காணிப் பதிவகத்திற் பதிவாக வேண்டும். 1927 ஆம் ஆண்டின் 23 ஆம் இலக்கப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரே காணிக்கு ஒரே வழியில் வந்த இரண்டு உறுதிகள் இருந்தால், வஞ்சகம் கலவாத பட்சத்தில் முந்திப் பதியப்பட்டது முந்துரிமை பெறும். எனவே பதிவகத்தின் ஏடுகளைத் தேடி, ஈடு, வழக்கு, முன்விற்பனை ஏதும் உண்டா என்று பார்ப்பது வாங்குவோர் கடமை. முப்பது ஆண்டுகள் பின்னோக்கித் தேடுவது சட்டத்தரணிகளிடையே உள்ள வழக்கம்.

இனி, பழைய வீடுகளுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. தாத்தா உறுதி எழுதாமல் இறந்தார். மூன்று பிள்ளைகள். ஒருவர் வீட்டில் இருந்தார். ஒருவர் கொழும்பு சென்றார். ஒருவர் கடல் கடந்தார். வீட்டில் இருந்தவரின் மகன் இன்று, “நாற்பது வருஷமாக நாங்கள்தான் இருக்கிறோம், ஐயா, வேறு யாரும் வந்ததில்லை” என்று சொல்லி முழு வீட்டையும் விற்க வருகிறார். பத்து ஆண்டு ஆட்சியாற் காணிக்கு உரித்து உண்டாகும் என்று 1871 ஆம் ஆண்டின் காலவதிச் சட்டம் கூறுவது மெய். ஆயின் கூட்டுரிமையாளர் ஒருவர் காணியில் இருப்பது ஏனையோருக்காகவும் இருப்பதாகவே கொள்ளப்படும். அவர்களை வெளிப்படையாக விலக்கினார் என்று காட்டினாலன்றி ஆண்டுகள் எண்ணப்படா. 1911 ஆம் ஆண்டுக் கொரியா எதிர் அப்புஹாமி வழக்கிற் பிரிவிக் கவுன்சில் நிலைநாட்டிய கொள்கை இது. மிக நீண்ட காலம் தனியே அனுபவித்திருப்பின் விலக்கியதாக ஊகிக்கலாம் என்று பிற்காலத் தீர்ப்புகள் சில இடங்கொடுத்த போதிலும், அது நீதிமன்றம் சென்று போராடிப் பெறவேண்டிய ஒன்று. ஓய்வூதியக்காரருக்கு அத்தகைய போராட்டத்துக்குக் காலம் எங்கே? பிரிக்கப்படாத பங்கை வாங்குவோர் 1977 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கப் பாகப்பிரிவினைச் சட்டத்தின் வழியே பங்கு கேட்கலாம். ஆனால் அவ்வழக்குகள் நீளமானவை. ஒரு தலைமுறை தொடங்க மறுதலைமுறை முடித்த கதைகள் ஊருக்கு ஊர் உண்டு. மூன்று உரிமையாளரும் ஒரே உறுதியிற் கையொப்பமிடுவதே நேர்வழி.

கோயிலைச் சூழ்ந்த ஊராகையால் இன்னொன்றும் கேட்டறிதல் வேண்டும். கோயிற் சேவைக்கென விடப்பட்ட காணிகள் என்பது இப்பகுதியில் மிகப் பழைய மரபு. வீடு தனியார் உடைமையாகவும் அடிநிலம் வேறொருவர் உடைமையாகவும் இருக்கும் நிலை எங்கும் நேரக்கூடியது. உறுதியில் நிலம் எழுதப்பட்டிருக்கிறதா, கட்டடம் மட்டுமா, குத்தகையா என்பதைச் சொல்லுக்குச் சொல் வாசிக்க வேண்டும்.

உறுதியோடு நில அளவையாளர் வரைந்த படமும் வேண்டும். படத்தில் ஒழுங்கை காட்டப்பட்டிருக்கிறதா? அது பொது வழியா, அயலவர் தயவால் நடக்கும் பாதையா? அடுத்து, உள்ளூராட்சிச் சபையில் வீதிக்கோடு எங்கே செல்கிறது என்று கேட்க வேண்டும். பழைய வீடுகள் சாலையை ஒட்டிக் கட்டப்பட்டவை. சாலை அகலிக்கும் கோடு விறாந்தையின் நடுவே சென்றால், வீடு நிற்கும் வரை நிற்கலாம். இடித்தால் அவ்விடத்தில் மறுபடி கட்ட இயலாது. அவ்வாறே நகர அபிவிருத்தி அதிகாரசபையின் விதிகள் செல்லும் இடங்களிற் பொதுவாக 150 சதுர மீட்டருக்கு, அதாவது ஏறத்தாழ 6 பேர்ச்சுக்குக் குறைந்த துண்டில் வீடு கட்ட அனுமதி பெறுவது கடினம். இருக்கும் வீட்டில் வாழும் உரிமை வேறு. அதை இடித்துப் புதிது கட்டும் உரிமை வேறு. “வீடு பழசுதான், இடித்து மாடி கட்டிக்கொள்ளலாம்” என்று தரகர் சொல்லும்போது இந்த வேறுபாடு மறைந்துவிடுகிறது.

நிலமும் உரித்தும் தேறின என்றால் அப்பொழுது வீட்டுக்குள் நுழையலாம். நுழையுமுன் சாலையில் நின்று கூரையின் முகட்டைப் பார்க்க வேண்டும். முகடு நேர்கோடாக இருந்தால் நன்று. நடுவே தொய்ந்திருந்தால் மரம் தளர்ந்திருக்கிறது. கள்ளிக்கோட்டை ஓடு என்று இங்கு வழங்குவது உண்மையிலே மங்களூரில் வளர்ந்த தொழில். 1865 ஆம் ஆண்டிற் பாசல் மிஷன் சங்கத்தார் அங்கு ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கினர். பின்னர் வாய்க்கால், தங்கொட்டுவை முதலிய அண்மையூர்களின் களிமண்ணிலும் அதே வகை ஓடு சுடப்பட்டது. நன்கு சுட்ட ஓடு மனிதருக்கும் மூத்து நிற்கும். மரமே முன்னர் அழிகிறது. ஓடு மாற்ற வேண்டும் என்று விற்பவர் சொன்னால், பெரும்பாலும் மாற்ற வேண்டியது ஓட்டின் கீழுள்ள சலாகையும் கைமரமுமே.

மரத்தைச் சோதிக்கக் கத்தி முனை ஒன்று போதும். கைமரம் சுவர்மேற் படியும் இடத்திலும், இரண்டு கூரைகள் சந்திக்கும் நீரோடையின் கீழும் குத்திப் பார்க்க வேண்டும். கறையானும் ஈரமும் முதலிற் புகுவன அவ்விடங்களே. தென்னைமரத்திற் புறவயிரம் கடினமானது. உள்ளே சோறு மென்மையானது. முதிர்ந்த மரத்தின் புறவயிரத்தில் அறுத்த கைமரம் நெடுங்காலம் உழைக்கும். இளமரத்தில் அறுத்தது சில ஆண்டுகளிலே மாவாகும். தென்னை மலிந்த ஊரில் இரண்டு வகையும் ஒரே கூரையிற் கலந்திருக்கும் என்பதை மறத்தல் ஆகாது. ஓட்டுக்குப் பதிலாகக் கல்நார்த் தகடு வேய்ந்திருப்பின் வேறு கவலை உண்டு. அதை அறுப்பதும் உடைப்பதும் நுரையீரலுக்குக் கேடு விளைக்கும் நுண்தூளைக் கிளப்பும். கழற்றி அகற்றும் செலவையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

சுவர்கள் பல இடங்களிற் செம்புறைக்கல்லால் ஆனவை. இக்கல்லை மலையாள நாட்டு அங்காடிப்புரத்திலே கண்டு ஆராய்ந்த புக்கானன் என்பார் 1807 இல் வெளியிட்ட நூலில் அதற்கு ஒரு பெயர் இட்டார். செங்கல்லைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. வெட்டும்போது மென்மையாய் இருந்து, காற்றுப் பட்டபின் இறுகுவது அதன் குணம். பழைய கொத்தர் அதைச் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கிச் சுண்ணாம்பே பூசினர். சுண்ணாம்பு ஈரத்தை உள்ளே விடும். வெயிலில் வெளியே விட்டுவிடும். பிற்காலத்தில் அதன்மேற் கெட்டியான சீமெந்து பூசியவர் நன்மை செய்வதாகவே நினைத்தார். ஆனால் நிலத்திலிருந்து ஏறிய ஈரம் வெளியேற வழியின்றிச் சுவருக்குள்ளே நின்று, அதிலுள்ள உப்பு படிகமாகிப் பூச்சைத் தள்ளிவிடுகிறது. தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்குப் பூச்சு பொருமி உதிரும் வீடுகளிற் பெரும்பாலும் நடந்தது இதுவே. பார்ப்பவர் சுவரே உளுத்துவிட்டது என்று அஞ்சுகிறார். உண்மையிற் சீமெந்தை உரித்துச் சுண்ணாம்பு பூசி, கூரைநீரைச் சுவரடியிலிருந்து விலக்கினாற் பல சுவர்கள் பிழைத்துக்கொள்ளும். இந்த அச்சத்தாலே நல்ல வீடுகள் மலிவாகப் போவதும் உண்டு.

வெடிப்புகளிலும் இவ்வாறே அஞ்சத் தக்கதும் தகாததும் உள. மயிரளவாகப் பூச்சில் ஓடும் வெடிப்பு வெறும் பூச்சின் வெடிப்பு. யன்னல் மூலையிலிருந்து படிக்கட்டுப் போலச் சாய்ந்து சென்று அகலும் வெடிப்பு அத்திவாரம் இறங்கியதைக் காட்டும். ஐயம் இருந்தால் வெடிப்பின் குறுக்கே சிறிது சாந்து அப்பித் தேதி எழுதி விட்டு, சில மாதம் கழித்து வந்து பார்க்கலாம். அது பிளவுபடாதிருந்தாற் சுவர் பழைய காலத்தில் இறங்கி நின்றுவிட்டது. மின்கம்பிகளைப் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. பழைய வீட்டிலே அவற்றை முழுதும் மாற்ற வேண்டும் என்றே கொண்டு, தகுதியுள்ள மின்னினைப்பாளர் ஒருவரிடம் செலவு கேட்டுக்கொள்வது போதும்.

இனி விலை. அயலிலே வெறுங்காணி பேர்ச்சு என்ன விலைக்குப் போயிற்று என்பதைப் பதிவான உறுதிகளிலிருந்து அறியலாம். ஆனால் உறுதியில் எழுதிய தொகை சிலவேளை உண்மையிற் கைமாறிய தொகையினும் குறைந்திருக்கும் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். காணியின் விலையை ஒரு பக்கம் வைத்து, அதே அளவு வீட்டை இன்று புதிதாகக் கட்ட ஆகும் செலவை மறுபக்கம் எழுதி, அதிலிருந்து இவ்வீடு கழித்துவிட்ட ஆயுளையும், கூரைக்கும் கம்பிக்கும் உடனே இறைக்க வேண்டிய பணத்தையும் கழித்தால் ஒரு தொகை வரும். விற்பவர் கேட்கும் தொகை அதனினும் மிகுந்திருந்தால் ஏன் என்று கேட்கலாம். “எங்கள் அப்பா கட்டிய வீடு” என்பது விடையாக வரும். அது மெய்யே. ஆயினும் அந்த மதிப்பு விற்பவருக்கு உரியது. வாங்குபவர் அதற்கு விலை கொடுக்க வேண்டியதில்லை. தச்சர் எழுதிக் கொடுத்த கூரைச் செலவுத் தாளை மேசைமேல் வைத்துப் பேசினால் மனத்தாங்கலின்றி விலை இறங்கக் காணலாம்.

இவை யாவும் ஒரு நாட் காலையில் வந்து பார்த்துத் தெரிந்துவிடா. ஐப்பசி கார்த்திகை மழையில் ஒருமுறை வந்து, கூடத்தில் நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும். மறுமுறை வரத் தகுந்த காலம் முன்னேஸ்வரத்து மகோற்சவம். ஆவணியை ஒட்டி இருபத்தெட்டு நாள் நடக்கும் இவ்விழாவுக்குத் தமிழரும் சிங்களவரும் நாடெங்கும் இருந்து திரள்வர். காளி கோயிலிலே நேர்த்தி வைப்போர் ஆண்டு முழுவதும் வருவர். ஒழுங்கையில் வண்டிகள் நிற்கும். ஒலிபெருக்கி இரவிலும் ஓயாது. முன்னறையை யாத்திரிகருக்கு வாடகைக்கு விட்டுப் பணம் காண்போருக்கு இது வரம். இரவுத் தூக்கம் வேண்டும் முதியவருக்கு வேறு எண்ணம் தோன்றும். அதுவன்றியும் ஆவணி இப்பகுதியில் நீண்ட கோடையின் இறுதிக்காலம். கிணற்றின் மட்டம் ஆண்டிலே மிகத் தாழ்ந்திருப்பது ஏறக்குறைய அப்பொழுதுதான். சுவாமி வெளிவீதி வந்து திரும்பிய பின்னர், அந்த வளவுக் கிணற்றில் ஒரு வாளி இறைத்து, வாயில் விட்டுப் பார்க்கலாம்.